கம்பளியைக் காணாத பெட்டி

சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் இப்போது ட்ரோன் பறந்து மருந்தடிக்கிறது. மரக்கிளை குறுக்கே வந்தால் தானாகவே நின்றுவிடுகிறது. அது எப்படி என்று கேட்கிற இளைஞர்களுக்காக ஒரு குறிப்பு எழுதித் தரும்படி எங்கள் பழைய டெக்னீஷியன்கள் சங்கத்தில் கேட்டார்கள். ஆளில்லாமல் காற்றில் போகிற ஒரு சாமான், எதிரே இருப்பதைத் தானே உணர்ந்து நிற்பதற்காக எழுபதுகளின் நடுவில் நானும் ஒரு பெட்டி செய்தேன். அது எப்படி வேலை செய்தது என்று எழுதுவது சுலபம். எந்த இடத்தில் வேலை செய்யாது என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அதைத்தான் இதுவரை எங்கும் எழுதவில்லை.

1. தானாக அடித்த மணி

எனக்கு ஊர் எலப்புள்ளி. ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு, கஞ்சிக்கோடு பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். மில்களிலிருந்து வரும் மீட்டர், ரிலே, கண்ட்ரோல் பேனல் எல்லாம் அங்கே ரிப்பேர் செய்வோம். முதலாளி மணி சார், கல்பாத்திக்காரர். வேலை தெரிந்த மனிதர். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாரே தவிரத் திட்டமாட்டார்.

இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து விஞ்ச் பேனல் ரிப்பேருக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி, அங்கிருந்து ஜீப்பில் போனோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

அங்கே ஒரு ரோப்வே இருந்தது. மேல் டிவிஷனில் பறித்த கொழுந்தைப் பள்ளத்தாக்கின் குறுக்கே ஃபேக்டரிக்குக் கொண்டுவர ஒரு கனத்த கம்பி. அதில் தொங்கிக்கொண்டு ஓர் இரும்புத் தொட்டி போகும், வரும். ஃபேக்டரி முனையில், தொட்டியை இழுக்கும் விஞ்ச் மெஷின் ஷெட். அங்கே ஆபரேட்டர் சுடலைமுத்து. வழியில் பாதித் தூரத்தில் ஒரு பாறைமேட்டில் பிளாட்பாரம் கட்டியிருந்தார்கள். நடு டிவிஷன் பெண்கள் தங்கள் கொழுந்து மூட்டைகளை அங்கே ஏற்றுவார்கள். அந்த இடத்தில் தொட்டி ஆள் நெஞ்சு உயரத்துக்குத் தாழ்ந்து வரும். மூடுபனி இறங்கிவிட்டால் ஷெட்டிலிருந்து பிளாட்பாரம் தெரியாது. அதனால் மணி அடிக்க ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். பெயர் செல்லக்கனி, முப்பது வயதிருக்கும். பிளாட்பாரத்தில் ஆள் யாரும் இல்லை என்று பார்த்து அவள் பட்டனை அழுத்துவாள். கம்பியோடு கூடவே ஓடும் மெல்லிய ஒயர் வழியாக ஷெட்டில் மணி அடிக்கும். அதற்குப் பிறகுதான் சுடலைமுத்து தொட்டியை உள்ளே விடுவார்.

நாங்கள் போன அன்று பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மணி சாரும் நானும் பிளாட்பாரத்தில் நின்று ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டனுக்குள் தண்ணீர் இறங்கி, அது தானாகவே ஷார்ட் ஆகிவிட்டது. ஷெட்டில் மணி அடித்தது எங்களுக்குத் தெரியாது. செல்லக்கனி திடீரென்று கத்தினாள்.

"ஐயா! குனிங்க! தொட்டி வருது!"

அவள் எங்கள் இருவரையும் பிடித்துக் கீழே தள்ளினாள். பனிக்குள்ளிருந்து வந்த தொட்டி, மூட்டை ஏற்றும் பலகையை உடைத்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போனது. மணி சாரின் கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்:

"மழ பெஞ்சா இந்தச் சனியன் இப்பிடித்தான் சார். நான் தொடாமலே அடிக்கும். எத்தன வாட்டிதான் சொல்லுதது?"

அன்று மத்தியானம் மேனேஜர் கேட்டார். "மணி, இதுக்கு ஒரு பரிகாரம் வேணும். தொட்டியே தானா நிக்கிற மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?"

மணி சார் திரும்பி வரும்போது, உடுமலை தாண்டி, பஸ்ஸில் பேச்சை எடுத்தார்.

"பழனி, எங்காத்து வாசல்ல ஒரு அரசமரம் இருக்கு. சாயங்காலமானா நூறு வவ்வால் பறக்கும். ஒண்ணோட ஒண்ணு இடிச்சு நீ பாத்திருக்கியா?"

"இல்லீங்க சார்."

"அதுக்குக் கண்ணு வேண்டாம்டா, காது போறும். கத்தும், எதிரொலி வரும், விலகிக்கும். நம்ம தொட்டிக்கும் ஒரு காது வெச்சுடலாம், கேட்டியா?"

2. எலப்புள்ளி குடோன்

எங்கள் ஊரில் மூடிக்கிடந்த ஒரு நெல் குடோனில் வவ்வால் நிறைய உண்டு. ஒரு மாதம் தினமும் பொழுது சாயும் நேரத்தில் அங்கே போனோம். குறுக்கும் நெடுக்குமாகத் தையல் நூல் கட்டி, ஒவ்வொரு நூலிலும் ஒரு சின்னச் சலங்கை தொங்கவிட்டோம். வவ்வால்கள் பறந்தன. ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று சலங்கை சிணுங்கினால் அதிகம்.

மணி சார் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அல்ட்ராசானிக் காப்ஸ்யூல்கள் இருந்தன. மனிதக் காதுக்கு எட்டாத சத்தத்தை எழுப்பும், கேட்கவும் செய்யும். அதில் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து ஸ்பீக்கரில் கேட்டோம். வெட்டவெளியில் பறக்கும்போது வவ்வால் டிக், டிக் என்று நிதானமாகக் கத்துகிறது. ஏதாவது ஒன்றை நெருங்கினால் அதுவே டிக்டிக்டிக் என்று வேகமாகிவிடுகிறது. தூரத்தில் இருக்கும்போது எப்போதாவது கேட்டால் போதும், கிட்டே வந்தால் அடிக்கடி கேட்க வேண்டும் என்பது அதன் கணக்கு.

எங்கள் சர்க்யூட்டையும் அப்படியே அமைத்தேன். சாதாரணமாக விநாடிக்கு ஐந்து பல்ஸ், அதாவது ஐந்து டிக். எதிரொலி ஒன்று திரும்பி வந்ததும் விநாடிக்கு முப்பது. தொடர்ந்து நாலு எதிரொலி வந்தால் ரிலே என்கிற மின்சுவிட்ச் இழுக்கும். மணி ஒயர் வழியாக சிக்னல் ஷெட்டுக்குப் போகும், மோட்டார் கட் ஆகி பிரேக் விழும். நாலு மீட்டரில் உணர்ந்து இரண்டு மீட்டரில் நிற்க வேண்டும். தகரத் தகடு, பலகை, செங்கல், சட்டை போட்ட ஆள் என்று எல்லாவற்றுக்கும் மீட்டர் ஊசி நன்றாக ஏறியது, சோதனைக்காக இணைத்திருந்த ஸ்பீக்கரும் டிக் டிக் என்று கத்தியது. யோசனை மணி சாருடையது. ஆனால் சர்க்யூட் முழுக்க என்னுடையது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நடக்கும்போது தரையில் கால் படவில்லை.

"இது மட்டும் அங்க சரியாச்சுன்னா, தனி செக்‌ஷன் ஆரம்பிச்சு உன்னை அதுக்கு இன்சார்ஜா போடறேன்" என்றார் மணி சார்.

3. கொங்காடை

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப இரண்டு நாள் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் நான் மட்டும் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. வாட்ச்மேன் ரங்கண்ணன் கம்பளியை மடித்துக் கொங்காடையாகத் தலையோடு போட்டுக்கொண்டு, நேராகப் பெட்டிக்கு எதிரே வந்து நின்றார். ஊசி அசையவில்லை.

"ஏனுங் தம்பி, நேத்து நான் நின்னப்ப டிக்கு டிக்குன்னு கத்துச்சில்லீங்? இன்னைக்கு ஏன் சும்மா கெடக்குது?"

"கொஞ்சம் முன்னால வாங்கண்ணா" என்றேன். வந்தார். மூன்று மீட்டரில் ஒன்றுமில்லை. இரண்டில் ஊசி லேசாக நடுங்கியது. கை நீட்டினால் தொடுகிற தூரம் வந்த பிறகுதான் ரிலே இழுத்தது. கம்பளியைக் கழற்றச் சொன்னேன். பழையபடி நாலு மீட்டரில் கத்தியது. மறுபடி போர்த்தச் சொன்னேன். மறுபடி மௌனம்.

கம்பளி ரோமம் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. பல வருஷம் கழித்து ஒன்று படித்தேன். சில அந்துப்பூச்சிகளின் உடம்பில் அடர்ந்த ரோமம் இருக்கிறது, அது வவ்வாலின் சத்தத்தை விழுங்கி அவற்றைக் காப்பாற்றுகிறது. வவ்வாலே ஏமாறுகிற இடம் அது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஊசி ஏறவில்லை என்பதே போதும்.

டெஸ்ட் நோட்டில் எழுதினேன்: 'கம்பளி: 4 மீட்டர் இல்லை, 3 மீட்டர் இல்லை, 2 மீட்டர் சந்தேகம்.' எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மணி சாரிடம் சொன்னால் போவது தள்ளிப்போகும். தோட்டக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம், பவரைக் கூட்டிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, மற்ற ரீடிங்குகளை அடுத்த பக்கத்தில் அழகாகத் திருப்பி எழுதினேன். ரங்கண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலத்தில் கம்பளி போர்த்தாமல் யாரும் வெளியே இறங்கமாட்டார்கள். முதல்முறை போனபோதே அதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

4. சோதனை நாள்

தோட்டத்தில் மேனேஜர், பீல்டு ஆபீசர், ஹெட் ஆபீசிலிருந்து இரண்டு பேர், கொழுந்து ஏற்றுவதற்காக வந்த பெண்கள் என்று நல்ல கூட்டம். தொட்டியின் முன்பக்கத்தில் பெட்டியைப் பொருத்தியிருந்தோம். தகரத்தை நிறுத்தினோம், தொட்டி நின்றது. பலகைக்கும் நின்றது. ஹெட் ஆபீஸ்காரர் ஒருவர், "ஆளுக்கு நிற்குமா?" என்று கேட்டார். செல்லக்கனி முன்னால் வந்தாள்.

"நான் நிக்கேன் சார். இந்தப் பெட்டிக்கு என்னத் தெரியுதான்னு பாப்போம்."

அவள் தலையிலிருந்து இடுப்புவரை கம்பளி. நான் சொன்னேன், "அக்கா, கம்பளியக் கழட்டிட்டு நில்லுங்க."

"எதுக்குச் சார்? குளுருதே."

"கழட்டிட்டு நில்லுங்க. சும்மா ஒரு நிமிஷம்தான்."

மணி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் கம்பளியைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, தூறலில் கைகளைக் கட்டிக்கொண்டு கம்பிக்குக் கீழே நின்றாள். தொட்டி வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு மீட்டர் இருக்கும்போது பிரேக் விழுந்து, தொட்டி ஆடிக்கொண்டே நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கண்ணைத் திறந்து, சிரித்துக்கொண்டே தொட்டியின் நெற்றியைத் தட்டிக் கொடுத்தாள்.

"சமத்து! நின்னுட்டியே" என்றாள்.

அடுத்த வாரமே மணி அடிக்கிற வேலையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். செல்லக்கனியைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்சார்ஜ் வேலை கிடைத்தது.

பவரைக் கூட்டலாம் என்று நினைத்தேன் அல்லவா? அதற்காக ஒருநாள்கூட நான் உட்காரவில்லை.

5. கையெழுத்து

ஆனி மாதத்தில் தோட்டத்திலிருந்து தந்தி வந்தது. மணி சார் கோயம்புத்தூரில் ஒரு மில் வேலையில் இருந்ததால் நான் மட்டும் போனேன்.

செல்லக்கனி அன்று பிளாட்பாரத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். மழைச்சத்தம், மூடுபனி. கம்பிக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். மேலே கம்பளி. தொட்டி நிற்கவில்லை. வலது தோளில் அடித்து அவளைப் பாறைமேல் தள்ளிவிட்டது. தோள் எலும்பு நொறுங்கி, இடுப்பிலும் அடி. மூணாறு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. கை இனி தோளுக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும்.

விசாரணை என்று ஆபீசில் உட்கார்ந்தார்கள். பெட்டியை எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்டச் சொன்னார் மேனேஜர். நான் தகரத்தை வைத்தேன், நின்றது. பலகையை வைத்தேன், நின்றது.

"மெஷினில் ஏதும் கேடு இல்லைதானே?"

"இல்லீங்க சார். ஒர்க்கிங் கண்டிஷன்ல இருக்குது."

தொழிலாளி எச்சரிக்கை இல்லாமல் பாதையில் நின்றதே காரணம் என்று டைப் அடித்தார்கள். கீழே சாட்சியாக என் கையெழுத்து. தயங்காமல்தான் போட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

வெளியே வந்தபோது சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். பிரேக் போட வேண்டியவர் அவர்தான் என்று அவர் பேரிலும் பேச்சு இருந்தது. அவர் சத்தம் போடவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு எதுக்கு அந்தப் பிள்ளையக் கம்பளியக் கழட்டச் சொன்னீக?"

"நனைஞ்சிருமேன்னு..." என்றேன்.

மழையில் நனைந்துவிடும் என்பதற்காகக் கம்பளியைக் கழற்றச் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் லட்சணம் எனக்கே விளங்கியது. சுடலைமுத்து விஞ்ச் ஷெட் பக்கம் நடந்தார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் மூணாறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. செல்லக்கனி கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டுச்சு சார். தொட்டி வருதுன்னு தெரியும். நின்னுரும்னு நெனச்சு நான் திரும்பக்கூட இல்ல. அன்னைக்கு நின்னுச்சே சார்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் தப்பா நின்னுட்டேனோ?" என்று கேட்டாள்.

நான் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

6. மணி சார்

மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் மணி சார் என் மேஜைக்கு வந்து, "பழனி, அந்தப் பெட்டி ஏன் நிக்கலை? எனக்குப் புரியவே இல்லைடா. தினமும் அதையே யோசிச்சிண்டிருக்கேன்" என்றார். தவறு தன் கணக்கில் இருக்கிறதோ என்று அவர் ராத்தூக்கம் இல்லாமல் தேடிக்கொண்டிருந்தார்.

ரங்கண்ணனின் கம்பளியை வாங்கிவந்து ஒரு நாற்காலியில் போர்த்தினேன். பெட்டியை ஆன் செய்தேன். ஊசி அப்படியே கிடந்தது.

மணி சார் அதைப் பார்த்தார். "எப்போ தெரியும் உனக்கு?"

"கொண்டுபோறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிங்க சார்."

அவர் நாற்காலியிலிருந்து கம்பளியை எடுத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "அப்பவே சொல்லியிருந்தா ஒரு மாசம் தள்ளிப் போட்டிருப்பேன். அவ்வளவுதானேடா?"

அவ்வளவுதான். நான் எதற்காகப் பயந்தேனோ அது ஒரு மாசத் தாமதம்.

அன்றே தோட்டத்துக்குக் கடிதம் எழுதினார். பெட்டியின் குறை, அதை நாங்கள் மறைத்தது, தொழிலாளி மேல் தவறில்லை என்பது, எல்லாம் அதில் இருந்தது. 'நாங்கள்' என்றுதான் எழுதியிருந்தார். நான் அதை அடித்து 'நான்' என்று மாற்றச் சொன்னேன். "நீ மட்டும் இல்லை. கம்பளியக் கழட்டுன்னு நீ சொன்னப்போ ஏன்னு நான் கேக்கலை" என்றார். மாற்றவில்லை.

7. பிரட்டுக்களம்

இருவரும் சேர்ந்தே போனோம். மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பழைய விசாரணைத் தாளை ரத்து செய்து புதிதாக எழுதினார். பெட்டியை நானே கழற்றினேன். தண்ணீர் இறங்காத புதிய பட்டனை மணி சார் பொருத்தினார். மணி அடிக்கிற வேலை திரும்ப வந்தது, அது செல்லக்கனிக்கே என்று முடிவானது. பட்டனை அழுத்த இடது கை போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவளிடம் சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கிழித்த பக்கம் வரைக்கும்.

"அப்போ எம்மேல தப்பு இல்லேன்னு எழுதிட்டாகளா?"

"எழுதிட்டாங்க அக்கா."

"அது ஆபீசுல இருக்கும். இங்க, கண்ணு தெரியாமப் போயி விழுந்தவன்னு சொல்லுதாக. எம் புருசனே சொல்லுதாரு. நாளைக்குப் பிரட்டுல வந்து சொல்லுவீகளா?"

காலையில் ஆள் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தைத்தான் பிரட்டுக்களம் என்பார்கள். மறுநாள் ஏழு மணிக்கு அங்கே நூற்றுக்கு மேல் ஆட்கள், எல்லார் மேலும் கம்பளி. பீல்டு ஆபீசர் பெயர் கூப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போனேன். பெட்டிக்குக் கம்பளி தெரியாது, அது எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன், செல்லக்கனி அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை, ஆபரேட்டர் மேலும் இல்லை என்று சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன்.

பின்வரிசையிலிருந்து செல்லக்கனியின் குரல் வந்தது.

"சார், இங்க ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

தலையை நிமிர்த்தி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போதுதான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சுடலைமுத்து என்னைத் தாண்டிப் போனார். செல்லக்கனி இடது கையால் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு பிளாட்பாரப் பாதையில் நடந்து போனாள்.

இன்சார்ஜ் வேலையை நானே விட்டேன். மணி சாரிடம் மேஜையில் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கும் பெஞ்ச் டெக்னீஷியனாகவே இருபது வருஷம் இருந்தேன். கம்பளிக்கும் கத்துகிற பெட்டியை எங்களால் கடைசிவரை செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு என் கையால் போன ஒவ்வொரு கருவியின் டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் முதல் பக்கத்தில், அது எதைச் செய்யும் என்பதற்கு முன்னால், எதைச் செய்யாது என்று எழுதினேன். வாங்க வந்தவர்களில் சிலர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்காமல் திரும்பிப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஊசி ஏறாத ரீடிங்கையும் எழுதுங்கள். எழுதிய பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.